அந்தத் தகட்டை நான் வாசித்தேன்

எட்டு வருடமாக ஒரு பொய்யைச் சொல்லி வருகிறேன். "காற்று திடீரெண்டு எழும்பிட்டுது." இதுதான் அந்தப் பொய். பிறந்தநாள் வீடுகளில் சொல்லியிருக்கிறேன், கோயில் மண்டபத்தில் சொல்லியிருக்கிறேன், வேலையிடத்தில் தேநீர் நேரத்தில் சொல்லியிருக்கிறேன். யாரும் சந்தேகப்பட்டதில்லை. காற்று அடித்தது உண்மைதானே. ஆனால் அது திடீரென்று அடிக்கவில்லை. வரும் என்பதைக் காலையிலேயே கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் ஆறு பேரைப் படகில் ஏற்றினேன். அந்தப் படகின் பக்கத்தில் பதித்திருந்த சிறிய தகடு நாலு பேர் என்று சொன்னது. அதையும் வாசித்திருந்தேன்.

இந்த வருடம் மூத்த மகள் படகோட்டும் அட்டைக்காகப் படிக்கத் தொடங்கினாள். ஒரு நாள் இரவு, பாடத்தில் எடையைப் பற்றிய பகுதி வந்ததும் மடிக்கணினியைத் திருப்பி என்னிடம் காட்டினாள். "அப்பா, எங்கட முதல் போட்டில எத்தனை பேர் எண்டு போட்டிருந்தது?" அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். அவளுக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் பிறந்தவன். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் பலமுறை போயிருக்கிறேன். அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் நிற்க இடமில்லாமல் ஆட்கள் ஏறுவார்கள். ஒன்றும் நடக்காமல் அக்கரை போய்ச் சேர்வோம். அந்தப் பயணங்கள் என் மனதில் ஒரு தவறான கணக்கை எழுதிவிட்டன: ஏற்றினால் ஏறும், போனால் போய்ச் சேரும். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கடற்தொழிலாளர்கள் அப்படி நினைத்தவர்கள் அல்லர். சோளகம் பெயர்ந்துவிட்டால் வானத்தைப் பார்த்து, நீரின் நிறத்தைப் பார்த்து, சில நாட்களில் வலையைக் கரையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் அவர்களிடமிருந்து ஒன்றையும் கற்கவில்லை. கடலைப் பார்த்து வளர்வது வேறு, கடலோடத் தெரிவது வேறு. கனடாவுக்கு வந்து இருபது வருடம் கழித்தும் அந்த வேறுபாட்டை நான் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் கடற்கரையில பிறந்தவன்" என்பதை ஒரு தகுதிச் சான்றிதழ் போலச் சொல்லித் திரிந்தேன்.

2017ஆம் ஆண்டு, பனி கரைந்த கையோடு, ஒரு சிறிய அலுமினியப் படகு வாங்குவது என்று முடிவெடுத்தோம். ஸ்காபரோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில் சிம்கோ ஏரி. பிள்ளைகளுக்குப் பத்து வயதும் ஆறு வயதும். வார இறுதிகளில் வணிக வளாகங்களில் சுற்றுவதை விட்டுத் தண்ணீரில் போகலாம் என்பது மனைவியின் யோசனை. அலுமினியம் என்பதும் சரியான தெரிவுதான். உருக்கின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. சாதாரணக் குடும்பக் கார் இழுத்துப் போகலாம். காற்றுப் பட்டவுடன் மேலே தானாகவே ஒரு மெல்லிய ஒக்சைட் படலம் உருவாகி உள்ளே அரிப்புப் போகாமல் காக்கும். கல்லில் மோதினால் உடையாமல் நெளியும். இரண்டாம் உலகப் போரின் முடிவில், போர்விமானம் செய்துகொண்டிருந்த கிரம்மன் நிறுவனம் அதே உலோகத் தகடுகளையும் ரிவெட்டுகளையும் கொண்டு சிறு வள்ளங்கள் செய்யத் தொடங்கியது என்பதையெல்லாம் ஆர்வமாகப் படித்தேன். இரவிரவாகப் படித்தேன். படித்ததில் எனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கடைசியில் இரண்டு படகுகள் மிஞ்சின. இரண்டும் பழையவை, விலையும் ஏறக்குறைய ஒன்று.

முதலாவது 14 அடி. அடிப்பகுதி பெரும்பாலும் தட்டை. 25 குதிரைவலு எஞ்சின், புதிது போல இருந்தது. முந்தைய சொந்தக்காரர் உள்ளே ஒட்டுப்பலகை அடித்துத் தளத்தை உயர்த்தி, சாம்பல் நிறக் கம்பளம் ஒட்டி, சுழலும் நாற்காலிகள் பூட்டியிருந்தார். பக்கவாட்டில் சிவப்புக் கோடு. வீட்டு முற்றத்தில் நின்றால் பார்ப்பவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், அப்படியொரு தோற்றம்.

இரண்டாவது 16 அடி. அடிப்பகுதி ஆழமான வி வடிவம். அகலம் கூட, பக்கச்சுவர் உயரம். உள்ளே குறுக்கே போட்ட வெறும் அலுமினிய இருக்கைகள். மூக்கில் ஒரு நெளிவு, வண்ணம் மங்கிப்போயிருந்தது. எஞ்சின் பழையது.

மனைவி ஒரு காரியம் செய்தாள். சின்னவளைத் தூக்கி முதலாவது படகுக்குள் நிறுத்தினாள். உயர்த்திய தளத்தில் நின்ற பிள்ளைக்குப் படகின் விளிம்பு முழங்காலுக்குத்தான் வந்தது. பிறகு இரண்டாவது படகுக்குள் நிறுத்தினாள். விளிம்பு இடுப்புக்கு மேலே நின்றது. பிள்ளை இரண்டு கையையும் விளிம்பில் வைத்து நாடியை அதன்மேல் சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.

"இஞ்சேருங்கோ, இதுதான் நல்லது. எட்டிப் பாத்தாலும் விழமாட்டாள்" என்றாள் மனைவி.

ஒரு குடும்பத்துக்குப் படகு தெரிவு செய்வதில் இதைவிடச் சரியான சோதனை கிடையாது. எந்த வழிகாட்டியிலும் நான் படிக்காத சோதனை அது. நீந்தத் தெரியாத ஒரு பெண், தன் பிள்ளையின் உயரத்தை வைத்து, ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். நான் கேட்கவில்லை. "நீர் பேசாமல் இரும், உமக்கு இதுகள் விளங்காது" என்றேன். முதலாவது படகை விற்றவரும் நேர்மையான மனிதர். இது இரண்டு பேர் அமைதியான தண்ணீரில் மீன் பிடிப்பதற்கான படகு என்று தெளிவாகச் சொன்னார். அதையும் கேட்கவில்லை.

ஏன் அந்தப் படகை எடுத்தேன்? பதிலை மழுப்ப விரும்பவில்லை. அழகாக இருந்தது. வேகமாகப் போகும் என்றார்கள். என் மச்சான், மனைவியின் தம்பி, அந்த வருடம் பெரிய வீடு வாங்கியிருந்தான். நெளிந்த மூக்கோடு ஒரு பழைய படகை முற்றத்தில் நிறுத்தி அவனுக்குக் காட்ட எனக்கு மனமில்லை. பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் என் கௌரவத்துக்கும் இடையில் தெரிவு செய்யும் நேரம் வந்தபோது நான் கௌரவத்தைத் தெரிவு செய்தேன். அந்த நேரத்தில் அது அப்படித் தெரியவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். மங்கலாகத் தெரிந்தது. பார்க்காமல் விட்டேன்.

படகை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று மனைவி அந்தத் தகட்டைக் கண்டாள். கனடாவில் எஞ்சின் பூட்டும் சிறிய படகுகளில் தயாரித்தவர் இப்படி ஒரு அறிவிப்பைப் பதித்திருப்பார். அதிகபட்சம் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைவலு என்ற மூன்று விஷயங்கள் அதில் இருக்கும். அவை நல்ல வானிலைக்கான எண்கள். எடை என்று போட்டிருப்பதில் ஆட்கள் மட்டுமல்ல, எஞ்சின், எரிபொருள், சாமான்கள் எல்லாம் அடக்கம். அந்த எண்களைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். எங்கள் தகட்டில் நாலு பேர், 430 கிலோ.

"நாங்கள் ஆறு பேர் எல்லோ. இதில நாலு எண்டு போட்டிருக்கு." எங்கள் நாலு பேரோடு தன் தாயையும், அதாவது மாமியையும், மச்சானையும் சேர்த்துச் சொன்னாள்.

"பிள்ளையள் ரெண்டையும் சேர்த்து ஒராள் எண்டு எடுக்கலாம். மாமியும் மெலிஞ்ச ஆள்தானே" என்றேன். அவள் மறுபடி பேசவில்லை. அவள் பேசாமல் போனதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் படகோட்டும் அட்டை இருந்தது. 2009 செப்டெம்பர் முதல் எஞ்சின் படகு ஓட்டும் எல்லோருக்கும் அது கட்டாயம். கணினியில் படித்து, ஐம்பது கேள்விக்குப் பதில் எழுதி, ஒரே இரவில் எடுத்த அட்டை. அந்த ஐம்பதில் எடையைப் பற்றியும் கேள்வி வந்தது. சரியான பதிலைத்தான் தெரிவு செய்தேன்.

மே மாத நீண்ட வார இறுதி, ஞாயிற்றுக்கிழமை. காலையில் வெயில் நன்றாக எறித்தது. ஜக்சன்ஸ் பொயின்ற் துறைமுகத்தில் படகை இறக்கினோம். சிம்கோ 700 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த ஏரி. ஆனால் சராசரி ஆழம் 15 மீற்றர் அளவுதான். திறந்த பரப்பும் குறைந்த ஆழமும் சேர்ந்தால் காற்று எழுப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் நெருக்கமாகவும் வரும். வடமேற்கிலிருந்து அடிக்கும் காற்று ஏரி முழுவதையும் கடந்துவந்து தெற்குக் கரையில்தான் தன் அலைகளை இறக்கும். ஜக்சன்ஸ் பொயின்ற் தெற்குக் கரையில் இருக்கிறது. கனடாவின் வானிலைத் திணைக்களம் இந்த ஏரிக்கென்று தனியாக முன்னறிவிப்புக் கொடுக்கிறது. பிற்பகல் வடமேற்குக் காற்று பலக்கும் என்று அன்று காலை அதில் இருந்தது. பிற்பகலுக்கு முதல் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். திரும்பவில்லை.

உயிர்காப்பு அங்கிகள் ஆறு வைத்திருந்தேன். சட்டம் கேட்பது ஆளுக்கு ஒன்று, அளவானதாக. மாமி சேலைக்கு மேல் தடித்த குளிர்ச்சட்டை போட்டிருந்தா. அங்கியை அதற்கு மேல் போட்டால் முன் பூட்டு எட்டவில்லை. இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன். "பரவாயில்லை மாமி, மடியில வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினேன். எழுபத்திரண்டு வயது மனுசி, அந்த அங்கியை ஒரு பிள்ளையைப் போல மடியில் அணைத்துக்கொண்டு படகின் நடுவில் இருந்தா.

போகும்போது எல்லாம் அழகாக இருந்தது. தட்டையான அடி அமைதித் தண்ணீரில் ஆடாது. அதைப் பார்த்து மனைவியிடம், "பாத்தீரா, அசையுதே?" என்று கேட்டதும் நினைவிருக்கிறது. ஜோர்ஜினா தீவுப் பக்கம் போய், எஞ்சினை நிறுத்தி, மாமி விடிய எழும்பிச் சமைத்த புளிச்சாதத்தைச் சாப்பிட்டோம். பிள்ளைகள் தூண்டில் போட்டார்கள். மச்சான் படமெடுத்தான். பன்னிரண்டு மணி ஒன்றாகி, ஒன்று இரண்டானது.

திரும்பும் வழியில் காற்று ஏறியது. படிப்படியாகத்தான் ஏறியது. முதலில் தண்ணீரின் நிறம் கறுத்தது, பிறகு வெள்ளை நுரை தெரிந்தது, பிறகு முகத்தில் தூவானம் அடித்தது. ஒவ்வொரு படியிலும் நான் ஏதாவது செய்திருக்கலாம். தீவின் மறைவுக்குத் திரும்பியிருக்கலாம். நான் கரைக்குக் கிட்டப் போகவேண்டும் என்று நினைத்து மூக்கைக் கரைப்பக்கம் திருப்பினேன். அத்தோடு அலை பின்னாலிருந்து வரத் தொடங்கியது. இந்த மாதிரிப் படகில் மிகத் தாழ்ந்த இடம் பின்பக்கம்தான். எஞ்சின் பூட்டுவதற்காக வெட்டிவிட்ட இடம் அது.

ஒரு பெரிய அலை படகைத் தூக்கியபோது பயந்துபோய், பிடித்திருந்த கைப்பிடியைச் சட்டென்று விட்டுவிட்டேன். எஞ்சின் அடங்கியது. பாரமேற்றிய படகு ஒரேயடியாக வேகம் குறைந்தால், அது எழுப்பிவந்த அலையே பின்னால் துரத்திவந்து ஏறும். அப்படித்தான் ஏறியது. பின்சுவருக்கு மேலால் தண்ணீர் ஒரு பாய் விரித்தது போல உள்ளே வந்தது. பெரியவள் கத்தினாள். சின்னவள் கத்தவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் உயர்த்திய தளத்துக்கு அடியில் போய்விட்டது. அடியில் போன தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். மச்சான் மிஞ்சிய புளிச்சாதத்தை ஏரியில் கொட்டிவிட்டு, அந்தச் சட்டியால் எஞ்சினுக்கு முன்னால் தேங்கியதை அள்ளி அள்ளி ஊற்றினான். அழுதுகொண்டே அள்ளினான்.

மனைவி தன் தாயின் குளிர்ச்சட்டையைக் கழற்றப் பார்த்தாள். அதன் இழுவைப் பூட்டில் சேலைத்தலைப்பு சிக்கிக்கொண்டது. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. பல்லால் கடித்து இழுத்தாள். துணி கிழிந்து பூட்டு இறங்கியது. சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, நடுங்கிக்கொண்டிருந்த அந்த உடம்பில் அங்கியை மாட்டி, ஒன்று, இரண்டு, மூன்று என்று பூட்டினாள். மூன்றாவது 'டக்' என்று விழுந்த பிறகுதான் அவள் தலையை நிமிர்த்தினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கோபம் இல்லை. நான் இன்னும் என்ன செய்துவிடுவேனோ என்ற பயம் இருந்தது.

குளிர்ந்த நீரில் விழுபவரைப் பற்றி மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்ற எளிய கணக்கைப் பரப்பியிருக்கிறார். மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிடம். கைகால்கள் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். மே மாதத்துச் சிம்கோ அப்படிப்பட்ட தண்ணீர்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே முதல் நிமிடத்தில் தண்ணீரைக் குடித்து அமிழ்ந்துவிடலாம். எங்கள் ஆறு பேரில் நீந்தத் தெரிந்தவள் மூத்த மகள் ஒருத்திதான், அதுவும் பள்ளிக்கூடக் குளத்தில். அங்கி போட்டிருப்பவருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கும். மடியில் வைத்திருப்பவருக்குக் கிடைக்காது.

எங்களைக் காப்பாற்றியவர்கள் ஒரு வெள்ளைக்கார முதியவரும் அவருடைய மனைவியும். பெரிய படகு. நாங்கள் அள்ளுவதைக் கண்டு, காற்று வரும் பக்கமாக வந்து, எங்களுக்கும் அலைக்கும் நடுவில் தங்கள் படகைச் சுவர் போல வைத்துக்கொண்டு, கரை வரைக்கும் மெதுவாகக் கூடவே வந்தார்கள். அந்தப் பெண்மணி கையால் சைகை காட்டிக்கொண்டே இருந்தா: மெல்ல, மெல்ல, நிற்பாட்டாதே. கரையில் அந்த முதியவர் எங்கள் படகைக் கண்ணால் ஒருதரம் அளந்தார், ஆட்களை எண்ணினார், ஒன்றும் சொல்லவில்லை. சூடான கோப்பியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அன்றிரவு வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, சமையலறை மேசையில் கணக்குப் போட்டேன். எஞ்சின், எரிபொருள், மின்கலம் சேர்ந்து 102 கிலோ. பலகைத் தளமும் நாற்காலிகளும் 50. ஆறு பேர் 362. சாப்பாட்டுப் பெட்டியும் நங்கூரமும் 25. மொத்தம் 539. தகடு சொன்னது 430. 109 கிலோ கூட. அந்தப் பாரத்தோடு விளிம்பு தண்ணீருக்கு எவ்வளவு கிட்ட வந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய கூட்டல். வாங்கமுதல் போட்டிருக்கவேண்டிய கூட்டல். அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். என் பொய் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

அடுத்த கிழமை மாமி கோயிலில் தன் வயதுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "பொல்லாத காற்று. வள்ளம் கவிழப் பாத்தது. என்ர மருமகன் எண்டபடியால் கொண்டந்து சேர்த்தார். கடற்கரையில பிறந்த பிள்ளையல்லோ." நான் பக்கத்தில் நின்றேன். தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு நான்கு வருடம் மாமி எங்கள் வீட்டில் இருந்தா. அந்தக் கதையை எத்தனை பேருக்குச் சொன்னா என்று எண்ணமுடியாது. ஒருமுறையாவது, "இல்லை மாமி" என்று தொடங்கியிருக்கலாம். 2021இல் காலமானா. அவவின் மனதில் நான் கடைசிவரை அவவின் உயிரைக் காத்தவன்.

ஆபத்தைக் கொண்டுவந்தவன் காப்பாற்றியவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டது, ஆறு பேரை ஏற்றியதைவிட இழிவானது என்று இன்று நினைக்கிறேன். ஏற்றியது ஒரு நாள் அகம்பாவம். வாங்கிக்கொண்டது நான்கு வருடக் களவு. மனைவிக்கு உண்மை தெரியும். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளையும் என் பொய்க்குச் சாட்சியாக வைத்திருந்தேன் என்பதும் என் குற்றங்களில் ஒன்று.

அந்தப் படகை அதே கோடையில் விற்றேன். வாங்க வந்தவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். அவரைத் தகட்டுக்கு முன்னால் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, உயர்த்திய தளத்தின் எடையையும் சொன்னேன். அவர் வாங்காமல் போனார். பிறகு, தனியாக மீன்பிடிக்கப் போகிற ஒருவர் வாங்கினார். இரண்டு வருடம் கழித்து மறுபடி ஒரு படகு வாங்கியபோது தெரிவு மனைவியுடையது. 16 அடி, உயர்ந்த பக்கம், ஆழமான அடி. தகட்டில் ஆறு என்று இருக்கிறது. நாங்கள் ஐந்துக்கு மேல் ஏறுவதில்லை. அங்கி பூட்டாமல் எஞ்சின் கிளம்புவதில்லை.

படகு வாங்க நினைக்கும் எங்கள் ஆட்களுக்கு, குறிப்பாகக் கடற்கரையில் பிறந்தோம் என்று நெஞ்சில் கைவைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு, ஒன்று சொல்லவேண்டும். எஞ்சினைப் பார்க்கமுதல் தகட்டைப் பாருங்கள். உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள், வரப்போகும் விருந்தாளியையும் சேர்த்து எண்ணுங்கள். சின்னப் பிள்ளையைத் தூக்கி உள்ளே நிறுத்தி, விளிம்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். வீட்டில் ஒருவர் பயந்தால், அந்தப் பயத்துக்குக் காரணம் கேளுங்கள்.

மகளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அம்மம்மாவுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன். அவள் மடிக்கணினியை மூடிவிட்டு எழும்பிப் போனாள். நான் அந்த மேசையிலேயே இருந்தேன். மாமியின் படம் அந்த அறையில்தான் மாட்டியிருக்கிறது. அதற்குக் கீழே நின்று, நான்கு வருடமும் சொல்லாததைச் சத்தமாகவே சொன்னேன்.

காற்று இல்லை மாமி. நான்தான்.